ஐந்து டாலருக்குக் கைமாறிய உதட்டு மெழுகு

நன்றாக ஓடக்கூடிய ஒரு சரக்கின் உரிமையை ஒருவர் ஐந்து டாலருக்கு விற்றுவிட்டுப் போனார் என்றால் நம் வணிகர்கள் நம்புவார்களா? 1912ஆம் ஆண்டு அமெரிக்காவில், விர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் என்ற ஊரில் அது நடந்தது. விற்ற பொருள், உதட்டு வெடிப்புக்குப் பூசும் ஒரு மெழுகுக் குச்சி. அதன் பெயர் சேப்ஸ்டிக். அதே பெயர் 2024இல் மறுபடியும் கைமாறியபோது பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 51 கோடி டாலர்.

நம் மளிகைக் கடைகளிலும் பான்ஸி ஸ்டோர்களிலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இப்போது லிப் பாம் தொங்குகிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் மருந்துக் கடையில் மட்டும் கிடைத்த சரக்கு. விற்கிறோம், லாபமும் பரவாயில்லை. ஆனால் அது என்ன பொருள், எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. வாடிக்கையாளர் கேட்கும்போது விழிக்கக் கூடாது என்பதற்காகவே நான் இதைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளின் கதையாகவே இருந்தது.

முதலில் உதட்டைப் பற்றி நாலு வரி. நம் உடம்புத் தோலில் எண்ணெய் சுரக்கும் நுண்சுரப்பிகள் இருக்கின்றன. வெயிலோ குளிரோ, தோல் தன்னைத் தானே கொஞ்சம் காத்துக்கொள்கிறது. சிவந்த உதட்டுப் பகுதியில் அந்த வசதி இல்லை என்றே சொல்லலாம். வியர்வைச் சுரப்பியும் கிடையாது, மேல்தோலும் மிக மெல்லியது. காற்றில் ஈரம் குறைந்தால் முதலில் காய்வது உதடுதான். காய்ந்ததும் நாக்கால் தடவுகிறோம். எச்சில் காற்றில் உலரும்போது உதட்டின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. மறுபடி தடவுகிறோம், மறுபடி காய்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் மேலே ஒரு மூடி போட்டால் போதும். லிப் பாம் என்பது அந்த மூடிதான்.

இந்த மூடிக்கு மனிதன் பயன்படுத்தாத கொழுப்பு இல்லை. நம் வீடுகளில் வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய். மேல்நாட்டில் தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற வைத்தியரின் பெயரால் வழங்கும் களிம்பு தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றும் சேர்ந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய வீடுகளில் உதட்டுக் களிம்பு காய்ச்சும்போது, நிறத்துக்காக ஆல்கனட் என்ற ஒரு செடியின் வேரைப் போட்டார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் சிவக்க வேம்பாளம்பட்டை விற்கிறோமே, அதே மாதிரி வேலை. இன்னொரு வைத்தியம் இருந்தது, சொன்னால் முகம் சுளிப்பீர்கள். 1829இல் பாஸ்டன் நகரில் லிடியா மரியா சைல்ட் என்ற அம்மையார் சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். உதட்டு வெடிப்புக்கு வேறு எதுவும் கேட்காதபோது காதுக் குறும்பி கேட்கிறது என்று அதில் எழுதிவைத்திருக்கிறார். செலவில்லாத மருந்து என்பது உண்மைதான்.

தொழில் போனவர் கண்டுபிடித்த சரக்கு

1859இல் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்ற ஊரில் பூமியைத் துளைத்துப் பெட்ரோலிய எண்ணெய் எடுத்தார்கள். அப்போது ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளைஞருக்கு வயது 22. திமிங்கில எண்ணெயிலிருந்து விளக்கெண்ணெய் தயாரிப்பது அவர் தொழில். பூமிக்குள்ளிருந்தே மலிவாக எண்ணெய் வந்துவிட்டால் அந்தத் தொழிலுக்கு என்ன கதி? மலிவான பிளாஸ்டிக் வந்தபோது நம் ஊர் மண்பாண்டக் கடைக்காரர் இருந்த நிலைதான். அவர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. எண்ணெய்க் கிணற்றுக்கே நேரில் போய்ப் பார்த்தார்.

அங்கே பம்பின் கம்பிகளில் கருப்பாக, பிசுபிசுப்பாக ஒரு மெழுகு ஒட்டி வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் அதைத் திட்டிக்கொண்டே வழித்து எறிந்தார்கள். ஆனால் கையில் வெட்டோ தீக்காயமோ பட்டால் அதே மெழுகை எடுத்துத் தடவிக்கொண்டார்கள். செஸ்ப்ரோ அந்தக் கழிவைக் கொண்டுபோய் வருடக்கணக்கில் காய்ச்சி வடித்து, நிறமும் வாடையும் இல்லாத களிம்பாக்கினார். 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை கிடைத்தது. தண்ணீருக்கான ஜெர்மன் சொல்லையும் எண்ணெய்க்கான கிரேக்கச் சொல்லையும் ஒட்டி வைத்த பெயர் அது.

நமக்குப் பாடம் அவர் விற்ற விதத்தில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் மருந்துக் கடைக்காரர்கள் வாங்கவில்லை. கழிவு எண்ணெயில் செய்த களிம்பை யார் வாங்குவார்கள்? செஸ்ப்ரோ குதிரை வண்டி பூட்டி நியூயார்க் மாநிலத்து ஊர் ஊராகப் போனார். கூட்டத்துக்கு நடுவே தன் தோலைத் தானே நெருப்பாலும் அமிலத்தாலும் சுட்டுக்கொண்டு, அதன்மேல் களிம்பைத் தடவி, முன்னால் ஆறிய தழும்புகளையும் காட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். தீர்ந்தபின் ஜனங்கள் கடையில் போய்க் கேட்டார்கள். கடைக்காரர் ஆர்டர் போடத்தான் வேண்டியிருந்தது. இன்று கம்பெனிகள் சாம்பிள் பாக்கெட்டும் ஸ்கீமும் கொண்டுவருகிறார்களே, அதை அன்றைக்கே தனியாளாகச் செய்தவர். தினம் ஒரு ஸ்பூன் வாசலின் சாப்பிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 96 வயது இருந்து 1933இல் காலமானார். நம் வாடிக்கையாளர் யாரும் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

செஸ்ப்ரோ கம்பெனி 1955இல் பாண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்தது. 1987இல் இரண்டும் யூனிலீவர் கைக்குப் போயின. எங்கள் கடை வத்தலக்குண்டில் இருப்பதால் இந்தக் கம்பெனியின் இன்னொரு முகத்தையும் எங்களுக்குத் தெரியும். கொடைக்கானலில் 1980களில் தெர்மாமீட்டர் ஆலை வைத்தது இதே பாண்ட்ஸ்தான். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இருந்த ஆலையைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். 1998இல் பாண்ட்ஸ் நம் நாட்டில் ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. 2001இல் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து ஆலை மூடப்பட்டது. 591 தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு ஏற்பட 2016ஆம் ஆண்டு ஆயிற்று. மலை ஜனங்கள் வாசலின் வாங்கிய கடைகளும் அந்தத் தொழிலாளர்கள் பற்று வைத்த கடைகளும் ஒன்றுதான். அதனால்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

டாக்டர் தோற்றார், அடுப்படி வென்றது

இனி அந்த ஐந்து டாலர் விவகாரம். 1880களின் தொடக்கத்தில் லிஞ்ச்பர்க் ஊரில் டாக்டர் சார்லஸ் பிரவுன் ஃப்ளீட் என்ற மருத்துவர் மருந்துகளும் தயாரித்து வந்தார். உதட்டு மெழுகை அவர் கையாலேயே செய்தார். திரி இல்லாத சின்ன மெழுகுவத்தி மாதிரி இருக்கும். அதை ஈயத்தாளில் சுற்றி உள்ளூரில் விற்றார். சரக்கு நல்ல சரக்கு, ஆனால் ஓடவில்லை. கையில் ஒட்டும், பையில் வைத்தால் நசுங்கும், தாளைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். முப்பது வருடம் இப்படிப் போனபின் 1912இல் ஜான் மார்ட்டன் என்ற அதே ஊர்க்காரரிடம் ஐந்து டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். ஃப்ளீட் பெயர் பிற்காலத்தில் நிலைத்தது பேதி மருந்தில்!

மார்ட்டன் வீட்டில் தொழிற்சாலை எல்லாம் கிடையாது. அவர் மனைவி சமையலறை அடுப்பில் அந்த இளஞ்சிவப்பு மெழுகை உருக்கினார். சின்னப் புனல் வைத்துப் பித்தளைக் குழாய்களில் ஊற்றி, வீட்டுத் திண்ணையில் ஆறவைத்து, துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போட்டார்கள். அப்பளம் இட்டு, வடாம் பிழிந்து, தெருவில் விற்று, பின்பு பெரிய பெயராக வளர்ந்த குடும்பங்கள் நம் ஊர்களிலும் உண்டு. அதே கதை. அந்த வருமானத்தில்தான் மார்ட்டன் கம்பெனி எழுந்தது. 1935இல் லிஞ்ச்பர்க் விளம்பர ஓவியர் ஃபிராங்க் ரைட் என்பவரிடம் பெயரெழுத்து வரைந்து தரச் சொன்னார்கள். அவருக்குக் கூலி 15 டாலர், ஒரே தடவை. உரிமை விற்றவருக்கு ஐந்து, எழுத்து வரைந்தவருக்குப் பதினைந்து.

1963இல் ஏ.எச். ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனி அதை வாங்கியது. அதன்பின் வயத், ஃபைசர், ஹேலியான் என்று கைமாறிக் கடைசியில் 2024இல் நான் முதலில் சொன்ன தொகைக்கு விலைபோனது. நடுவில் அரசியலிலும் மாட்டிக்கொண்டது. 1972இல் அதிபர் நிக்ஸனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரம் வந்ததே, அதில் சிக்கிய ஹண்ட் என்பவரின் வெள்ளை மாளிகைப் பெட்டகத்தில் சேப்ஸ்டிக் குழாய்க்குள் ஒளித்த ஒட்டுக்கேட்கும் மைக் அகப்பட்டது. யார் கையில் பார்த்தாலும் யாரும் சந்தேகப்படாத பொருளாக அதற்குள் அது ஆகியிருந்தது.

மூலப்பொருள் என்னவோ பழைய மெழுகும் எண்ணெயும்தான். ஓடவைத்தது குழாய். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து பையர்ஸ்டார்ஃப் கம்பெனி, அதாவது பின்னாளில் நிவியா கொண்டுவந்தவர்கள், 1909இலேயே நகர்த்தித் தள்ளும் குழாயில் லபெல்லோ என்று உதட்டுக் குச்சி விற்கத் தொடங்கிவிட்டார்கள். விரலில் படாமல் பூசலாம், மூடிப் பையில் போட்டுக்கொள்ளலாம். நம் தமிழ்நாட்டில் இதே சங்கதியை ஷாம்பூவில் பார்த்தோம். கடலூர் சின்னிகிருஷ்ணன் வெல்வெட் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். 1980களில் அது பெட்டிக்கடைச் சரம் ஆனது. பாட்டிலில் இருந்தவரை அது பணக்காரர் சரக்கு. நான் 1978இல் தகப்பனாரோடு கடையில் உட்கார்ந்தவன். பாட்டில் ஷாம்பூவைத் தூசி தட்டி வைத்ததும் நினைவிருக்கிறது, சரம் சரமாக அறுத்துக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

இன்னும் இரண்டு அமெரிக்கக் கதைகள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்பிரட் வோல்பிங் என்பவருக்கு உதட்டில் அடிக்கடி கொப்புளம் வரும். தனக்காக வீட்டு அடுப்பில் 1937இல் ஒரு களிம்பு காய்ச்சினார். அதுதான் கார்மெக்ஸ். வெள்ளைக் கண்ணாடிச் சிமிழ், மஞ்சள் மூடி. காரில் போட்டுக்கொண்டு மருந்துக் கடை மருந்துக் கடையாகத் தானே போய்க் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் லானோலின், அதாவது ஆட்டு ரோமக் கொழுப்பு, கிடைக்காமல் தயாரிப்பே நின்றுபோனது. போர் முடிந்ததும் திரும்ப ஆரம்பித்தார். மகன், பேரன் என்று குடும்பமே தொடர்ந்து நடத்தியது. விற்கவில்லை.

மற்றது விற்ற கதை. மெயின் மாநிலத்தில் பர்ட் ஷாவிட்ஸ் என்ற தேனீ வளர்ப்பவர் சாலையோரம் தேன் விற்றுக்கொண்டிருந்தார். 1984இல் ராக்ஸேன் குவிம்பி என்ற பெண்மணி சேர்ந்து, மிஞ்சும் தேன்மெழுகில் மெழுகுவத்தி செய்தார். பிறகு உதட்டு மெழுகு வந்தது, அதுதான் பிய்த்துக்கொண்டு போனது. பர்ட்ஸ் பீஸ் என்று அவர் பெயரே கம்பெனிப் பெயர். டப்பாவில் அவர் தாடி முகம். கூட்டு பிரிந்தபோது அவர் பங்குக்குக் கிடைத்தது ஒரு வீடு, பிற்பாடு மேலும் ஒரு தொகை. 2007இல் க்ளோராக்ஸ் கம்பெனி அதை வாங்கிய விலை 92.5 கோடி டாலர். கூட்டு வியாபாரத்தில் கணக்கை எழுத்தில் வைக்கச் சொல்லி நம் பெரியவர்கள் ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இறக்குமதி வியாபாரி உற்பத்தியாளர் ஆனார்

நம் நாட்டுக் கதையில் முதலில் வருபவர் ஒரு வணிகர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கல்கத்தாவில் கௌர்மோகன் தத்தா வெளிநாட்டு அழகுசாதனங்களை இறக்குமதி செய்து விற்றவர். சுதேசி உணர்வு வலுத்த காலம். அன்னியச் சரக்கு விற்பதை விட்டு 1929இல் வீட்டிலேயே போரோலின் என்ற களிம்பு தயாரித்தார். போரிக் பவுடர், துத்தநாகப் பவுடர், லானோலின். பச்சைக் குழாய், யானை முத்திரை. பெயர் படிக்கத் தெரியாதவர்கள் யானைக் களிம்பு என்று கேட்டு வாங்கினார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரம் கொண்டாட லட்சம் குழாய்களுக்கு மேல் இலவசமாகக் கொடுத்ததை அந்தக் கம்பெனியார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். வட இந்தியக் குளிரில் உதடு, குதிகால், கை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. நம் பக்கம் அவ்வளவு ஓடவில்லை. இங்கே குளிர் மார்கழி, தை இரண்டு மாதம். அதற்கு வீட்டு வெண்ணெய் போதும் என்பார்கள்.

எங்கள் கடையிலும் வாசலின் ஆர்டர் கார்த்திகையில் மலைக் கடைகளிலிருந்துதான் வரும். சமவெளிக் கடைக்காரர்கள் அரை டஜன் எடுத்தால் அதிகம். இப்போது நிலை மாறிவிட்டது. ஏ.சி. அறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சித்திரை மாதத்திலும் லிப் பாம் கேட்கிறார்கள். ஏ.சி. காற்றில் ஈரம் குறைவு. ஆக, குளிர்காலச் சரக்கு பன்னிரண்டு மாதச் சரக்கு ஆகிவிட்டது.

கோடையில்தான் சில்லறைக் கடைக்காரர்கள் நஷ்டப்படுகிறார்கள். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். கொக்கோ வெண்ணெய் 34 முதல் 38 டிகிரியிலேயே உருகிவிடும். கொக்கோ வெண்ணெய் அதிகம் சேர்ந்த குச்சியைத் தகரக் கூரைக் கடையில், கண்ணாடி ஷோகேசில் மேற்கு வெயில் படும்படி வைத்தால் மாலைக்குள் குழாய்க்குள் படுத்துவிடும். திரும்ப இறுகினாலும் மேலே மணல்மணலாகத் தட்டும். வாங்கியவர் கெட்டுப்போன சரக்கு என்று திருப்பிக் கொண்டுவருவார். பங்குனி முதல் ஆவணி வரை குச்சியைக் குறைத்துச் சிமிழும் பிதுக்கும் குழாயும் எடுங்கள். அவை இளகினாலும் உருவம் கெடாது. குச்சியை மாவு மூட்டைப் பக்கம் நிழலில், அதிலும் கீழ்த்தட்டில் வையுங்கள்.

இன்னொன்று போலி. பெரிய கம்பெனிச் சிமிழ்களைப் போலவே, ஒரு எழுத்து மட்டும் மாற்றிப் பாதி விலைக்குக் கொண்டுவந்து தள்ளுகிறவர்கள் உண்டு. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். போலி என்று பிடிபட்டால் விற்ற கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டியவர்தான். பில் இல்லாத சரக்கு உதட்டில் படுகிறது, அங்கிருந்து வயிற்றுக்குப் போகிறது என்பதை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

விலை வித்தியாசம் பற்றியும் சொல்ல வேண்டும். 20 ரூபாய்ச் சிமிழுக்கும் 300 ரூபாய்க் குச்சிக்கும் ஈரத்தை மூடி வைக்கும் வேலையில் பெரிய வேறுபாடு கிடையாது. வெயில் தடுப்பு சேர்ந்தது ஒன்று உபயோகம், வெளியில் அலைபவருக்கு அது நல்லது. மற்றபடி ஸ்ட்ராபெரி, செர்ரி வாசனைக்கும் டப்பாவின் அழகுக்கும்தான் காசு. வாசனை நன்றாக இருந்தால் பிள்ளைகள் நக்குவார்கள், நக்கினால் காயும், காய்ந்தால் மறுபடி வாங்குவார்கள். மென்தால், கற்பூரம் சேர்ந்தது ஜில்லென்று இருக்கும். சிலருக்கு எரிச்சலும் தரும். கேட்பவர் கையில் காசு கம்மி என்று தெரிந்தால் நான் சின்ன வாசலினையே எடுத்துக் கொடுக்கச் சொல்வேன். அந்த ஒரு பில்லில் லாபம் குறையும். அவர் அரிசி, பருப்பு நம்மிடம் வாங்குவார்.

கடைசியாக, கல்லாவில் உட்காருபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். உதட்டு ஓரத்தில், வாயின் இரு கடையிலும் வெடித்துப் புண்ணாக இருப்பவருக்கு லிப் பாம் மட்டும் பெரும்பாலும் போதாது. இரும்புச் சத்து, பி வைட்டமின் குறைவாலும், பூஞ்சைத் தொற்றாலும் அது வரும். மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். உதட்டிலோ வாய்க்குள்ளோ ஒரு புண் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லை, வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால், அவர் புகையிலை போடுபவரானால், ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வாய்ப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்குகிறது, ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தவும் முடிகிறது. எங்கள் ஊரில் மூட்டை தூக்கும் ஒருவர் மூன்று மாதமாக ஒரே கடையில் உதட்டுக் களிம்பு வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் மனைவிதான் கவனித்து, "அண்ணே, நாலாவது டப்பா இது. இதை நான் தர மாட்டேன். நாளைக்குக் காலையில் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று பஸ் செலவுக்கும் கொடுத்து அனுப்பினார். அவர் சிகிச்சை முடிந்து இப்போது மூட்டை தூக்குவதில்லை. அதே தெருவில் காய்கறி விற்கிறார்.

கார்த்திகை ஆர்டர் எழுதும் நேரம் நெருங்குகிறது. சமவெளிக் கடைக்கு மூன்று பங்கு சிமிழ், ஒரு பங்கு குச்சி. மலைக் கடைக்கு இரண்டும் சரிபாதி. கல்லூரிப் பக்கத்துக் கடையானால் வாசனைச் சரக்கு ஒரு அட்டை கூடுதலாக. பெரிய டப்பா வேண்டாம்.